கனம் சேர்த்த கதவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் தம்பி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். இருக்கட்டுமே. இந்தத் தொழிலில் கோபம் இல்லாதவளை மென்று துப்பிவிடுவார்கள். பழைய கார்களுக்குக் கார்பன் ஃபைபரில் பானெட், டிக்கி மூடி, பம்பர் என்று செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரேஸ் பைத்தியங்கள். "இன்னும் கொஞ்சம் எடை குறையாதாக்கா?" என்பார்கள். "உன் தொந்தியைக் குறை, வண்டி தானாப் பறக்கும்" என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த வேலையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

என்ன வேலை என்று கேட்டால், தையல் பாதி, சமையல் பாதி என்று சொல்வேன். கார்பன் ஃபைபர் என்பது ஒரு கறுப்புத் துணி. சத்தியமாகத் துணிதான், பாய் மாதிரி பின்னிய துணி. பழைய பாகத்தின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் துணியை அடுக்கி, பிசினை ஊற விட்டு, மேலே பிளாஸ்டிக் பையைப் போர்த்திக் காற்றை உறிஞ்சிவிட்டு, பெரிய அடுப்பில் வைத்து வேகவிடுவோம். வெந்து வந்தால் இரும்புக்குச் சவால் விடும். ஆனால் ஒரு பானெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம். துணி வெட்டுவதும் அடுக்குவதும் நான். அச்சு, அடுப்பு, வண்டியில் பொருத்துவது எல்லாம் தம்பி.

தம்பியை எல்லோரும் 'கிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜை மேல் ஒரு சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு நட்டு, போல்ட்டைக்கூட நிறுத்துப் பார்ப்பான். கொஞ்சம் எடை குறைந்துவிட்டால் போதும், அன்றைக்குப் பூராவும் விசிலடிப்பான். கனம் என்றால் பாவம், லேசு என்றால் புண்ணியம். அவ்வளவுதான் அவனுடைய வேதம்.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த மனுஷர் என்பதாலோ என்னவோ, பட்டறைக் கதவைக்கூட வலிக்காமல் தட்டினார். வாசலில் அவருடைய பழைய கார் நின்றது. இரண்டே கதவு உள்ள பெரிய வண்டி. ஒவ்வொரு கதவும் ஒரு கட்டில் நீளம்.

"பக்கத்து சீட்டுக் கதவு மட்டும் கார்பன்ல செஞ்சு தரணும்" என்றார்.

"ஏன் சார், ஒரு பக்கம் மட்டும் பறக்கணுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மீன் கடையில் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்தார். கதவின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுத்தார். முள் நகர்ந்து நின்ற இடத்தைக் காட்டினார். "இதைத் தொறக்க இவ்வளவு பலம் வேணும். என் வீட்டுக்காரம்மா கைக்கு இவ்வளவுதான் முடியும்" என்று அதில் பாதிக்கும் கீழே ஒரு கோட்டை நகத்தால் தொட்டார். கிராமுக்கு அந்த நிமிஷமே அவர் மேல் காதல் வந்துவிட்டது.

அந்த அம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்கிப் போய், தோள்பட்டை தூக்க முடியாமல் இருந்தது. ஒரு நாள் மருந்துக் கடைக்கு எதிரே, ஏற்றமான தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் மருந்து வாங்கப் போயிருக்கிறார். கூட்டம். வெயில் ஏறியிருக்கிறது. அந்த அம்மா கதவைத் தள்ளியிருக்கிறார், ஏற்றத்தில் அது மறுபடி மறுபடி வந்து சாத்திக்கொண்டிருக்கிறது. கடைசியில் யாரோ ஒரு வேன் டிரைவரும் இரண்டு பள்ளிக்கூடப் பெண்களும் கதவைப் பிடித்து அவரை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு அவ வீட்டுக்கு நடந்தே வந்தா. அதுக்கப்புறம் வண்டியில ஏறவே இல்ல. இப்பல்லாம் வெளியவே வர்றதில்ல. கூப்பிட்டா, 'யார் யாரோ வந்து என்னைத் தூக்கிப் போடுறதுக்கா'ங்குறா."

"வேற வண்டி வாங்கலாமே சார்."

"புது வண்டிக் கதவெல்லாம் இதுக்குமேல கனம்மா. ஷோரூம் ஷோரூமாப் போய் இந்தக் கொக்கியை மாட்டிப் பார்த்தேன். பைத்தியம்னு நினைச்சாங்க. அதோட இது அவ வண்டி. அவ சம்பளத்துல வாங்கினது. வித்துடலாமான்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். 'என்னையும் சேர்த்து வித்துடுங்க'ன்னா."

நான் டேப்பை எடுத்துக் கதவை அளக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கதவை நான் ஆசை ஆசையாகச் செய்தேன். பின்னல் ஒரு இழை கோணாமல், வண்டியின் பக்கவாட்டுக் கோட்டோடு சேர்ந்து போகிற மாதிரி துணியை அடுக்கினேன். கீல் பக்கமும் பூட்டுப் பக்கமும் மட்டும் இரும்பு. பழைய கைப்பிடியில் கட்டை விரலால் குமிழை அமுக்க வேண்டும், அது அந்த அம்மாவால் ஆகாது. கிராம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மணிக்கட்டால் தட்டினாலே திறக்கிற அகலமான பிடி ஒன்றைச் செய்தான். பழைய கதவைக் கழற்ற இரண்டு பேர் முக்கினோம். புதியதை அவன் ஒரே கையில் ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் ஆடினான். "அக்கா, தலையணைக்கா! தலையணை!" என்று கத்தினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். டாக்டர் கெஞ்சிக் கூத்தாடி, "வந்து திட்டிட்டாவது போ" என்று சொல்லி மனைவியை நடத்தியே அழைத்து வந்தார். குட்டையான அம்மா, நிமிர்ந்த நடை. ஒரு காலத்தில் பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக இருந்தவராம். அத்தனை டிரைவர்களையும் ஒரு விசிலில் ஆட்டி வைத்தவர். அன்றையிலிருந்து நாங்கள் அவரைக் கண்ட்ரோலரம்மா என்றுதான் சொன்னோம். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அந்தக் கோவக்காரியா?" என்றார். "நீங்கதான் அந்தப் பிடிவாதக்காரம்மாவா?" என்றேன். சரியாகப் போயிற்று, எங்கள் அறிமுகம் அவ்வளவுதான்.

டாக்டர் முந்திக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர் அவர். "கை!" என்று ஒரு அதட்டல் போட்டார் அம்மா. டாக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

அம்மா மணிக்கட்டால் பிடியைத் தட்டினார். கதவு திறந்தது. திரை விலகுகிற மாதிரி அப்படியே வந்தது. அவர் நின்று அதைப் பார்த்தார். மறுபடி தள்ளி, மறுபடி இழுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். கிராம் என் தோளைக் கிள்ளினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

அப்புறம் அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.

கதவு ரப்பரில் பட்டு, தொப்பென்று திரும்பி வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். மறுபடியும் திரும்பியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பூட்டின் முதல் பல்லில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கதவு தன் கனத்தாலேயே சாத்திக்கொள்ளும். லேசாக ஒரு தள்ளு, மீதியை அந்த இரும்பே பார்த்துக்கொள்ளும். நாங்கள் கனத்தையெல்லாம் வழித்து எடுத்துவிட்டோம். இனி ரப்பரை நசுக்கிப் பூட்டைக் கடிக்க வைக்கும் பலம் முழுவதும் இழுக்கிற கையிலிருந்துதான் வர வேண்டும். ரேஸ் பையன்களுக்கு இது தெரியவே தெரியாது, அவர்கள் ஓங்கி அறைந்து சாத்துவார்கள். எங்களுக்கும் இத்தனை நாளாக அது தோன்றவே இல்லை.

"கொஞ்சம் ஓங்கிச் சாத்தணும்மா" என்றான் கிராம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"ஓங்க முடிஞ்சா நான் ஏண்டா இங்க வர்றேன்?"

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வெளியிலிருந்து டமாலென்று கதவைச் சாத்திவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

அவர் கதவைத் திறந்தார். சுலபமாகத்தான் திறந்தது. இறங்கினார். "முன்ன சாத்தின கதவைத் தொறக்க முடியாதவளா இருந்தேன். இப்ப தொறந்த கதவைச் சாத்த முடியாதவ ஆயிட்டேன். நல்ல முன்னேற்றம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவர் நடக்கிற வேகத்துக்கு இவர் வண்டியை உருட்டினார். பக்கத்து சீட்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் ஆடிக்கொண்டே போயிற்று. அந்த அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிராமை நான் கிழித்து நார் நாராகத் தொங்கவிட்டேன். "லேசு லேசுன்னு குதிச்சியே, பார்த்தியாடா!" என்றேன். "நீயுந்தானேக்கா சிரிச்சே?" என்றான். அது உண்மைதான், அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்காரச் சொன்னார் அம்மா. டாக்டர் டீ போட அடுப்படிக்குள் போனார். உட்கார்ந்து பார்த்தபோதுதான் அந்த வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. கொஞ்ச நேரம் எனக்கு என்னவென்று பிடிபடவில்லை. அப்புறம் தெரிந்தது. அலமாரிகளுக்குக் கதவே இல்லை. அடுப்படியில் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, டீத்தூள் டப்பா, எதற்கும் மூடி இல்லை, மேலே ஒரு துண்டு துணி. படுக்கையறைக்குத் திரை. குளியலறைக்கும் திரை. நிலைகளில் கீல் கழற்றிய தழும்பு மட்டும் இருந்தது.

"எல்லாம் அவர் பண்ணினது" என்றார் அம்மா. "ஒவ்வொண்ணா எனக்கு முடியாமப் போக, ஒவ்வொண்ணா கழட்டினார். மூடியெல்லாம் ஒரு பையில போட்டு மேல வெச்சிருக்கார். எறும்புக்கு இந்த வீட்டுல ராஜ வாழ்க்கை."

"அவருக்கு உங்க மேல அவ்வளவு அக்கறை."

"அக்கறைதான். யாரு இல்லன்னா?" அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க போடாத சண்டை இல்ல. சண்டை போட்டா நான் ரூமுக்குள்ள போய்க் கதவை டமால்னு சாத்துவேன். வீடே அதிரும். கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு நானே வெளிய வருவேன், அவர் டீ வெச்சிருப்பார். இப்ப சண்டை வந்தா நான் எங்க போறது? திரையை இழுத்துவிட்டுட்டு, அது காத்துல ஆடுறதைப் பார்த்துக்கிட்டு உக்காரணுமா?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்தார், விரலால் முடியாமல் மணிக்கட்டின் பின்பக்கத்தால்.

"எல்லாரும் எனக்குத் தொறந்து விடுறதுக்கே வர்றாங்கம்மா. எனக்குச் சாத்தணும். ஒண்ணே ஒண்ணு, என் கையால சாத்தணும். நேத்து அந்தக் கதவு தொறந்தப்ப, சரி, இதுவாவது இருக்குன்னு நினைச்சுட்டேன். அதான் அவ்வளவு கோவம் வந்துச்சு."

எனக்கு வந்ததும் கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை. வியாதி மேல் என்று வைத்துக்கொள்ளலாம். "பட்டறைக்கு வாங்க" என்றேன். "எவ்வளவு கனம் வேணும்னு எனக்கும் தெரியாது, என் தம்பி தராசுக்கும் தெரியாது. உங்க கைக்குத்தான் தெரியும். கனம் கூடிட்டா தொறக்க முடியாது, குறைஞ்சா சாத்தாது. நடுவுல ஒரு இடம் இருக்கு. அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"இந்தக் கையா?" என்று விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

"அதேதான்."

அம்மா வந்தார். டாக்டர் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கிராம் சின்னச் சின்னப் பைகளில் மணலை நிரப்பிக் கதவின் ஓரத்தில், பூட்டுக்குப் பக்கத்தில் கட்டினான். அங்கே வைத்தால்தான் கதவு ஆடி வரும்போது கொஞ்சம் கனமே நிறைய வேலை செய்யும். கட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, கார்பன் கதவுல மணல் மூட்டை கட்டினேன்னு வெளிய தெரிஞ்சா என் கல்யாணமே நின்னுடும்" என்றான்.

"முதல்ல பொண்ணு கிடைக்கட்டும். அப்புறம் நிக்கிறதைப் பத்திப் பேசலாம்" என்றார் கண்ட்ரோலரம்மா.

ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் கதவைத் திறந்து, ஏறி, சாத்தி, இறங்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது டிப்போ பாஷை. "இது பாதி வழியில வண்டியைப் போட்டுட்டுப் போற டிரைவர். பூட்டு வரைக்கும் வந்துட்டு நிக்குது." "ஐயோ, இது அவசரக்காரன், காலை நசுக்கிடும்." "இவன் பரவாயில்ல, ஆனா காலையில எழுப்பணும்." கிராம் ரப்பரை மாற்றி, உள்ளே காற்று உள்ள மெத்தென்ற ரப்பர் போட்டான். பூட்டின் பல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் ஸ்பிரிங்கை மெலிதாக்கினான். விரலால் பிடித்து இழுக்க முடியாது என்பதால் உள்பக்கம் அகலமாக ஒரு வார் வளையம் தைத்துக் கொடுத்தேன். முழங்கை வரை கையை நுழைத்துக்கொண்டு உடம்போடு சாய்ந்து இழுக்கலாம்.

டாக்டருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தோம். கதவு ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஒரு தடவை பொறுக்க முடியாமல் இரண்டு எட்டு வைத்துவிட்டார். "கை!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. மனுஷர் அப்புறம் கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் தப்பு என்ன செய்தார்? பெண்டாட்டி கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு வழியாகக் கதவு சாத்த ஆரம்பித்தது. நாலுக்கு மூன்று தடவை, அப்புறம் ஒவ்வொரு தடவையும். கிராம் மணலை அளந்து, அதே எடைக்கு ஈயத்தை உருக்கி உள்ளே பதிக்கக் கிளம்பிவிட்டான். மறுநாள் அம்மா வந்தபோது கை இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தன. நடையிலேயே வலி தெரிந்தது. நான் பதறிப்போய், "இன்னைக்கு வேண்டாம்மா, வீட்டுக்குப் போய்ப் படுங்க. கை சரியானதும் வாங்க" என்றேன்.

"முட்டாளா நீ?" என்றார். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. "என் கை நல்லா இருக்கிற நாளைக்கு இந்தக் கதவு எதுக்கு? நல்ல நாள்ல நான் பழைய கதவையே முக்கித் தொறந்துடுவேன். இப்படி வீங்கின நாளும் என் நாள்தான். இனிமே இந்த நாள்தான் நிறைய வரும். இன்னைக்குச் சாத்தினாத்தான் அது என் கதவு."

கிராம் என்னைப் பார்த்தான். நான் ஈயத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். மறுபடியும் மணல் மூட்டை.

அன்றைக்கு நாங்கள் தலையால் தண்ணீர் குடித்தோம். நேற்று சாத்திய கதவு இன்று சாத்தவில்லை. கனம் கூட்டினால், திறக்கும்போது அவர் முகம் சுண்டியது. குறைத்தால் ரப்பரிலேயே நின்றது. கிராம் ரப்பரைப் பாதிக்கு வெட்டினான், மழைத்தண்ணீர் வந்தால் வரட்டும் என்றேன். எதிர்ப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு கதவைத் தள்ளாது என்று அவனே கண்டுபிடித்தான். மூட்டையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினோம், மேலே நகர்த்தினோம். அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இரண்டு தடவை, "போதும், விட்டுடுங்க" என்று நானே சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. வளையத்துக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை உள்பக்கம் சாய்த்தார்.

'டக்' என்றது.

அவர் திறந்தார். மறுபடி சாய்ந்தார். 'டக்'. இன்னொரு முறை. 'டக்'. "இவன்தான்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "இவனுக்கு டூட்டி போட்டுடுங்க."

கதவின் உள்தோலை வெட்டித் திறந்து ஈயத்தைப் பதித்தோம். எவ்வளவு அழகாக அடுக்கிய துணி, என் கையாலேயே வெட்டினேன். வெட்டின இடத்தில் பின்னல் கோணிக்கொண்டு நிற்கிறது, இப்போதும் தெரியும். கிராம் முடித்த கதவை வழக்கம்போல நிறுத்துப் பார்த்தான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விசில் மட்டும் அடித்தான்.

கதவு வண்டியில் ஏறிய நாள், டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். அம்மா நேராகப் போய் மணிக்கட்டால் தட்டித் திறந்தார், ஏறினார், சாய்ந்தார். 'டக்'. நான் கைதட்டினேன். கிராம் தகரத்தைத் தட்டினான். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து கதவைத் திறந்து, "சாத்திட்டியே! சாத்திட்டியே!" என்றார்.

உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. டாக்டர் தான் பிடித்திருந்த கதவைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். சாத்தினாலும் தப்பு, திறந்து வைத்தாலும் தப்பு. கண் கலங்கிவிட்டது பாவம் மனுஷருக்கு.

"விடுங்க" என்றார் அம்மா, மெதுவாக. "விட்டுட்டு உங்க பக்கம் போய் ஏறுங்க. நான் இருக்கேன்ல."

டாக்டர் விரல் விரலாகக் கையை எடுத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டி வாசலைத் தாண்டி நின்றது. என்னடா கோளாறு என்று நாங்கள் ஓடினோம். அம்மா கதவைத் திறந்து இறங்கினார். வெளியிலிருந்து இடுப்பால் தள்ளிச் சாத்தினார். வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி திறந்து, ஏறி, சாத்திக்கொண்டார். வண்டி நகர்ந்தது. எதிர்வீட்டைத் தாண்டியதும் மறுபடி நின்றது. மறுபடி இறங்கினார், ஏறினார். விளக்குக் கம்பத்துக்கு ஒரு தடவை, சைக்கிள் கடைக்கு ஒரு தடவை. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற பாசஞ்சர் ரயில் மாதிரி தெரு முழுக்க நின்று நின்று போயிற்று. பின்னால் ஒரு லாரி, இரண்டு கார்கள், ஒரு பால் வண்டி சேர்ந்துவிட்டன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ தலையை நீட்டித் திட்டினான். டாக்டரின் இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. ஒரு தடவைகூட அவை அந்தப் பக்கம் நகரவில்லை.

"அக்கா, இப்படித் தொறந்து தொறந்து சாத்தினா கீல் சீக்கிரம் தேஞ்சிடும்" என்றான் கிராம். அவன் மூக்கு சிவந்திருந்தது.

"தேயட்டும்டா" என்றேன். "தேஞ்சா வேற போட்டுக் கொடுப்போம்."

தெருமுனையில் வண்டி மறுபடியும் நின்றது. கதவு திறந்தது.